ஏட்டில் வாழ்ந்த குரல்கள்: கொச்சி யூதப் பெண்டிரின் பாடல்கள்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவன்று உறக்கத்தை எதிர்பார்ப்பது வீண். மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் நீளப் பெருவழியில் மக்கள் வெள்ளம் விடியுமளவும் ஓய்வதில்லை. அவ்வெள்ளத்தினூடே கூட்டங் கூட்டமாக வரும் பெண்கள் பாடிக்கொண்டே நடப்பர். எந்தப் பள்ளியிலும் அவர்கள் அப்பாட்டைக் கற்றதில்லை. அன்னையர் பாடக் கேட்டே மகளிர் பாடுகின்றனர். இவ்வூரில் வாழும் முஸ்லிம்களாகிய நாம் அப்பாடல்களின் பொருளில் பங்கு கொள்வதில்லை. ஆயினும், ஒரு தலைமுறையின் வாயிலிருந்து அடுத்த தலைமுறையின் செவிக்குப் பாட்டு கைமாறிச் செல்லும் அவ்விந்தையைக் கண்டு வியவாதிருக்க இயலவில்லை.

பாட்டுக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவு பழமையானது. திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்தவர் என்பது மரபு. அவர் முருகன்மேல் பாடிய சந்தங்கள் பின்னாளில் காயல்பட்டினத்துக்குச் சென்றன. அங்கே காசிம் புலவர் அச்சந்தங்களிலேயே, 'திருப்புகழ்' என்னும் அப்பெயரிலேயே, பெருமானார் (ஸல்) அவர்களைப் பாடினார். ஒரு சமயத்தார் செய்துவைத்த அச்சில் மற்றொரு சமயத்தார் தம் அன்பை வார்த்தெடுத்தனர். இதனை இரவல் என்பதா, உரிமை என்பதா? எம் மனத்தில் நெடுநாள் கிடந்த இக்கேள்விக்கு எதிர்பாராத ஓரிடத்திலிருந்து விடை வந்தது. கொச்சி நாட்டு யூதப் பெண்டிர் மலையாளத்தில் பாடிவந்த பாடல்களே அவ்விடம். அவற்றுள் ஒரு பகுதி 2004ஆம் ஆண்டு யெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையத்தால் 'அழகிய கிளியே' என்னும் பொருள்படும் பெயரோடு ஒலித்தட்டாக வெளியிடப்பெற்றது. அடுத்த ஆண்டே, 2005இல், ஸ்கறியா சக்கறியாவும் ஒஃபிரா கம்லியேலும் பதிப்பித்த 'கார்குழலி' என்னும் மலையாள - எபிரேய இருமொழித் தொகுப்பு வெளிவந்தது. இவ்விரண்டையும் முன்வைத்துச் சில எண்ணங்களைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யூதர் பாட்டு நமக்கு எதற்கு?

இக்கேள்வியை வாசகர் சிலர் கேட்கக்கூடும். பாலஸ்தீன மக்களின் துயரம் நம் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் காலம் இது. 2023 அக்டோபர் முதல் காசாவில் நிகழ்ந்த பேரழிவை எண்ணும் எவர்க்கும், இந்நேரத்தில் யூதர் பாடல்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. அவ்வையத்தை நாம் இகழவில்லை. ஆயின், ஒரு கூட்டத்தார்மீது கொண்ட சினம் நம்மை நீதியினின்று வழுவச் செய்துவிடக் கூடாதென்று திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் அறிவோம். ஓர் அரசின் செயலுக்கு ஒரு சமயத்தார் அனைவரையும், அதிலும் அவ்வரசு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மலைநாட்டு முற்றங்களில் கைகொட்டிப் பாடிய பெண்களையும், பொறுப்பாக்குவது நீதியாகாது.

மேலும், தாவூது நபி (அலை) அவர்களின் பாட்டு நமக்கு அந்நியமன்று. அவர்களுக்குச் சபூர் வேதம் அருளப்பெற்றது என்பதும், அவர்கள் இறைவனைத் துதித்தபோது மலைகளும் பறவைகளும் உடன் துதித்தன என்பதும் நம் நம்பிக்கை. நபித்தோழர் அபூமூசா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் இனிய குரலில் ஓதக் கேட்ட பெருமானார் (ஸல்) அவர்கள், தாவூது நபியின் குடும்பத்தாருடைய இசைக்கருவிகளுள் ஒன்று இவருக்கு வழங்கப்பட்டிருக்கிறது என்று பாராட்டியதாக நபிமொழி நூல்கள் கூறுகின்றன. இனிய குரலுக்கு அண்ணலார் எடுத்துக்காட்டிய அளவுகோலே அந்தக் குடும்பந்தான்.

நம் தமிழ் இலக்கியத்தின் வாயிலிலும் ஒரு யூத அறிஞர் நிற்கிறார். இன்று முழுமையாகக் கிடைக்கும் இசுலாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படும் 'ஆயிர மசலா' 1572இல் வண்ணப்பரிமளப் புலவரால் இயற்றப்பெற்றது. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் என்னும் யூத அறிஞர் கேட்ட வினாக்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் விடை பகர்வதே அந்நூலின் பொருள். ஒரு யூதரின் கேள்வியோடு தொடங்கிய இலக்கியத்துக்கு உரியவர்கள், யூதரின் பாட்டுக்குச் செவிமடுப்பதில் வியப்பில்லை.

இத்திருவண்ணாமலையிலும் அவ்வுறவின் சுவடு உண்டு. ஈராக்கில் பிறந்த யூதரான எஸ். எஸ். கோஹன் 1936இல் இரமணாசிரமத்தை அடைந்து, 1980இல் மறையும்வரை இவ்வூரையே தம் இல்லமாகக் கொண்டார். இரமணர் தம்மை நாடி வந்தோரிடம் எடுத்துக்காட்டிய பிற சமய வாசகங்களுள் தாவூதின் சங்கீதங்களில் 46ஆவதில் உள்ள ஒன்று அடிக்கடி இடம்பெற்றது. அசையாது அமைந்திருந்து இறைவனை அறிவதைப் பற்றியது அது. சபூர் வேதத்தின் எதிரொலி இந்த மலையடிவாரத்திலும் கேட்டிருக்கிறது.

பாட்டு ஒன்று, மெட்டுப் பல

யூதர் பல நாடுகளில் சிதறி வாழ்ந்தவர்கள். ஆதலின், 'யூதர் இசை' என்று ஒன்று உண்டா என்னும் வினா அறிஞரிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. இதற்கு விடை காண முயன்றவருள் தலையாயவர் ஆபிரகாம் சுவி இதெல்சோன் (1882-1938). அவர் யெருசலேமில் அமர்ந்து, யமன், ஈராக்கு, பாரசீகம், புகாரா, மொரோக்கோ முதலிய நாடுகளிலிருந்து வந்த யூதர்களின் பாடல்களை ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்து, 1914 முதல் 1932 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார். அவர் உழைப்பு மலையளவு. ஆயின் அவர் தேடியது, எல்லாக் கிளைகளுக்கும் அடியில் புதைந்து கிடப்பதாக அவர் நம்பிய ஒரே ஆதி வேரை. யமன் நாட்டு யூதரின் ஓதுமுறைக்கும் பழைய கிறித்தவத் தேவாலய இசைக்கும் உள்ள ஒப்புமையைக் காட்டி, இரண்டும் பண்டைய யெருசலேம் ஆலயத்தினின்று பிறந்தவை என நிறுவ முற்பட்டார்.

இம்முடிவினும் அவர் திரட்டிய சான்றுகளே பெரிதாக நமக்குத் தோன்றுகின்றன. அவர் தொகுதிகளைப் புரட்டுவோர் காண்பது ஒரு வேரை அன்று. பல மண்ணில் முளைத்த பல பயிர்களையே. யமன் நாட்டு யூத ஆடவர் 17ஆம் நூற்றாண்டுப் பெருங்கவி சாலம் சபசியின் பாடல்களை எபிரேயமும் அரபும் கலந்து பாடினர். அவர்தம் பெண்டிரோ எழுத்தறியாதவராதலின் அரபுப் பேச்சுமொழியிலேயே பாடி, நினைவிலேயே காத்தனர். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர் உதுமானியப் பேரரசில் அடைக்கலம் புகுந்தபோது, தாம் விட்டுவந்த நாட்டின் பழங்கதைப் பாடல்களைத் தம்முடன் கொண்டுவந்தனர்; அவற்றை நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. கொங்கணக் கரையின் பெனே இஸ்ராயேல் மக்கள் மராத்தியக் கீர்த்தனை வடிவில் தம் நபிமார் வரலாறுகளைப் பாடினர். நாம் இல்யாஸ் நபி எனப் போற்றுபவரின் பெயரால் அவர்கள் நிகழ்த்தும் மலீதா என்னும் சடங்கில் அவலும் பழமும் வைத்துப் பாடுவதைக் காணும் நம் வீட்டுப் பெரியோர்க்கு, தம் வீட்டுப் பாத்திஹா நினைவுக்கு வரும்.

அரபு நாடுகளில் இவ்வுறவு இன்னும் நெருங்கியது. 1932இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டில் ஈராக்கின் சார்பில் பாடியவர் முஹம்மத் அல்குப்பான்சி என்னும் முஸ்லிம். அவருக்குக் கருவியிசைத்தோருள் பெரும்பாலோர் யூதர். சாலிஹ், தாவூது என்னும் அல்குவைத்தி உடன்பிறந்தார் இயற்றிய மெட்டுகள் பாக்தாதின் தெருக்களில் எல்லாம் ஒலித்தன. 1951இல் அவர்கள் ஈராக்கைவிட்டு நீங்கிய பின்னரும் மெட்டுகள் நீங்கவில்லை. இயற்றியவர் பெயர் மட்டுமே மறக்கடிக்கப்பட்டு, பல பாட்டுகள் நாட்டுப் பாடல்கள் என்றே வழங்கலாயின. அல்ஜீரியாவின் ஓரான் நகரில் அந்தலூசிய அரபு இசையின் ஆசானாக விளங்கிய சவூத் என்னும் யூதர், 1943இல் சோபிபோர் என்னும் நாஜிகளின் கொலைக்களத்தில் மாண்டார். அவரிடம் பயின்ற பார்வையற்ற பெண் ரைனெத், தம் முதுமைவரை அரபு மொழியிலேயே அவ்விசையைப் பாடிவந்தார்.

இவ்வரிசையில் ஒருவரை விட்டுவிட முடியாது. இஸ்ராயேல் நஜாரா (சுமார் 1555-1625) என்பவர் எபிரேயப் பெருங்கவி. துருக்கி, அரபுப் பாட்டுகளின் மெட்டில் இறைத்துதிகளை இயற்றியவர். இன்ன பாட்டின் மெட்டு என்று ஒவ்வொரு துதியின் தலைப்பிலும் குறித்துவைத்தார். தெருப் பாட்டின் மெட்டில் தெய்வத்தைப் பாடலாமா என்று அவர் காலத்து அறிஞர் சிலர் கடிந்தனர். மெட்டு தெருவினது, சொல் இறைவனுக்குரியது என்பதே அவர் கவிதை தரும் விடை. அவர் அரமேய மொழியில் இயற்றிய ஓய்வுநாள் துதியொன்றை யமன் முதல் போலந்து வரை யூதர்கள் தத்தம் நாட்டு மெட்டில் பாடிவருகின்றனர். இக்கவி தம் இறுதி நாட்களில் மார்க்கத் தலைவராக இருந்ததும், மறைந்து அடங்கியதும் எந்த ஊரில் தெரியுமா? காசாவில். இன்று அப்பெயரைக் கேட்டவுடன் நம் கண்முன் இடிபாடுகளே எழுகின்றன. அம்மண்ணில் ஒரு காலத்தில் ஒரு யூதக் கவி அரபுப் பாட்டைக் கேட்டு மயங்கி எபிரேயத் துதி இயற்றிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கையில் நெஞ்சம் கனக்கிறது.

'இன்ன பாட்டின் மெட்டு' என்னும் குறிப்பு நமக்குப் புதிதன்று. தர்கா வாயிலில் விற்கும் நம் பாட்டுப் புத்தகங்களின் தலைப்புகளில் அதைக் காணாதார் யார்? திரைப்பாடல் மெட்டில் நாயகப் புகழ் பாடலாமா என்று நம்மவரும் கடிந்ததுண்டு. நஜாராவின் கதை நம் கதையே.

அஞ்சுவண்ணத்தார் பாட்டு

இனிக் கொச்சிக்கு வருவோம். கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சியாகக் கையொப்பமிட்டவர்கள் மூவகை எழுத்தினர்: அரபுக் கூஃபி எழுத்தில் முஸ்லிம்கள், பஹ்லவி எழுத்தில் பாரசீகர், எபிரேய எழுத்தில் பாரசீக மொழி எழுதிய யூதர். ஒரு கிறித்தவப் பள்ளிக்கு வழங்கிய கொடைக்கு இவர்கள் அனைவரும் சான்று நின்றனர். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டளவில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் உரிமையையும் 72 சிறப்புகளையும் வட்டெழுத்துச் செப்பேட்டில் வழங்கினான். பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை முதலியன அவற்றுள் அடங்கும்.

'அஞ்சுவண்ணம்' என்னும் சொல் நமக்கும் உரியது. அது மேற்காசிய வணிகர் குழுவைக் குறித்த பெயர். குழு எனப் பொருள்படும் 'அஞ்சுமன்' என்னும் பாரசீகச் சொல்லின் திரிபாக அறிஞர் இதனைக் கொள்வர். பழைய இசுலாமியத் தமிழ் நூலாகிய பல்சந்தமாலையில் முஸ்லிம்களைச் சுட்டி இச்சொல் வருகிறது. தோப்பில் முஹம்மது மீரான் தம் நாவலொன்றுக்கு 'அஞ்சுவண்ணம் தெரு' என்றே பெயரிட்டார். கடல் கடந்து வந்த யூதரும் முஸ்லிமும் ஒரே பெயரால் ஒரே துறைமுகத்தில் அழைக்கப்பட்ட காலம் ஒன்றிருந்தது.

கேரள யூதர்க்கு எட்டுத் தொழுகைச் சபைகள் இருந்தன: கொச்சியில் மூன்று, எறணாகுளத்தில் இரண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாள ஆகிய இடங்களில் ஒவ்வொன்று. சேந்தமங்கலத்தில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் யூதர் ஆலயமும் ஒன்றையொன்று கூப்பிடு தூரத்தில் எழுந்து நிற்கின்றன. இந்தச் சபைகளின் பெண்கள் திருமணத்திலும், விருத்தசேதன விழாவிலும், பண்டிகைகளிலும் மலையாளப் பாடல்களைப் பாடினர். கைகொட்டி வட்டமாகச் சுற்றி வந்து ஆடியபடி பாடுவதும் உண்டு. மலபாரின் ஒப்பனைப் பாட்டையும் நம் பக்கத்துக் கும்மியையும் கண்டவர்க்கு அக்காட்சியை விவரிக்க வேண்டியதில்லை.

யமன் நாட்டுப் பெண்டிர்க்கும் இவர்களுக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. இவர்கள் எழுத்தறிந்தவர்கள், தம் பாடல்களை மலையாள எழுத்தில் ஏடுகளில் எழுதிவைத்தனர். அன்னையின் ஏட்டைப் பார்த்து மகள் தனக்கென ஓர் ஏடு எழுதிக்கொண்டாள். அவ்வேடுகளிலிருந்து ஏறத்தாழ 300 பாடல்கள் இன்று கிடைத்துள்ளன. ஒரே பாட்டு பறவூரில் ஒரு விதமாகவும் கொச்சியில் மற்றொரு விதமாகவும் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். இவற்றைப் பிழை என்று தள்ளாது பாடபேதம் என்று மதித்ததே பதிப்பாசிரியர்களின் முதற்சிறப்பு.

பாடல்களின் பொருளை நான்காக வகுக்கலாம். மணமகளையும் மணமகனையும் வாழ்த்துவன ஒன்று. ஆலயங்கள் எழுந்த வரலாற்றையும் முன்னோர் யெருசலேமிலிருந்து மலைநாடு வந்த பயணத்தையும் கூறுவன மற்றொன்று. ஏவராயி பாட்டு இவ்வகையினது. இபுறாகீம், யூசுபு, மூசா முதலிய நபிமார் வரலாறுகளைக் கூறுவன மூன்றாவது. எபிரேயத் துதிகளைத் தழுவிய இறைவாழ்த்துகள் நான்காவது.

மூன்றாம் வகையே நமக்கு மிக நெருங்கியது. வேத வரலாறு வேதத்தின் சொற்களோடு நின்றுவிடுவதில்லை. விரிவுரையாளர் கூறும் கிளைக்கதைகளும் அதனோடு சேர்ந்தே மக்களிடம் வந்தடைகின்றன. யூசுபு நபியின் அழகைக் கண்டு மயங்கிய பெண்டிர் தம் கைகளை அறுத்துக்கொண்ட நிகழ்ச்சி யூதரின் தௌராத்தில் இல்லை; அவர்களுடைய விரிவுரை மரபில் உண்டு. நமக்கோ அது திருமறையிலேயே உண்டு. நம் கிஸ்ஸாக்களைக் கேட்டு வளர்ந்தவர், கொச்சிப் பெண்டிரின் நபிமார் பாடல்களைக் கேட்கும்போது அறிந்த வீட்டின் பின்வாசல் வழியே நுழைந்தாற்போல் உணர்வார். வேறுபாடும் உண்டு. இபுறாகீம் நபி பலியிட முனைந்த மைந்தர் அவர்கள் மரபில் இசுஹாக். நம் மரபில் இசுமாயீல். அவ்வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. தந்தையின் கண்ணீர் இரு மரபிலும் ஒன்றே.

மொழியைக் கருதினும் இப்பாடல்கள் தமிழர்க்குத் தொலைவில் இல்லை. பழம் பாடல்களின் நடை, மலையாளம் தமிழிலிருந்து முழுதும் விலகாத காலத்தை நினைவூட்டுகிறது. தொகுப்பின் தலைப்பாகிய 'கார்குழலி' தூய தமிழ்த் தொடரன்றோ! கருமேகம் போன்ற கூந்தலையுடைய அந்த மணமகளுக்கு எபிரேயத்தில் 'அழகு மிக்கவள்' என்னும் பெயரும் சூட்டப்பெற்றிருக்கிறது. கிளியை விளித்துப் பாடும் மரபும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானதே. அயல்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று தம்மைப் பற்றியே பாடிக்கொண்ட ஒரு கூட்டத்தார், அதையும் இம்மண்ணின் கிளியை அழைத்தே பாடினர்.

பெண் குரல்

பெண்ணின் குரலை அந்நிய ஆடவர் கேட்கலாகாது என்னும் கருத்து யூத மார்க்க நூல்களில் உண்டு. தல்மூதில் உள்ள ஒரு வாசகத்தை அடிப்படையாகக் கொண்டு, பல நாட்டு யூதர் பெண்களை ஆடவர்முன் பாடவிடாது தடுத்தனர். கொச்சி யூதரோ மார்க்கப் பற்றில் எவர்க்கும் குறைந்தவரல்லர். ஆயினும் அவர்தம் பெண்கள் ஆடவர் கூடிய அவையிலும் பாடினர். எபிரேயத் துதிகளைக் கற்று ஆடவரோடு சேர்ந்தும் பாடினர். இதனை ஒழுக்கக் குறைவாக அச்சமூகம் கருதவில்லை.

இச்செய்தி நமக்குச் சிந்தனை தரவேண்டும். நம்மிடையேயும் இதே விவாதம் உண்டு. பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடிக்கொண்டிருந்ததை அபூபக்கர் (ரலி) அவர்கள் கடிய, பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களை விட்டுவிடுமாறு கூறிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். அதன் எல்லை எதுவென்று ஆலிம்கள் பலவாறு உரைத்துள்ளனர். அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஆயின் ஒன்றைச் சொல்லலாம். தென்காசி ரசூல் பீவியும், கீழக்கரை ஆசியா உம்மாவும், இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாளும் ஞானப் பாடல்கள் இயற்றிய மரபு நம்முடையது. காயல்பட்டினத்தின் பெண்கள் தைக்காக்களில் பெண்களே கூடி ஓதும் வழக்கம் தலைமுறைகளாக உண்டு. குரலை அடக்குவதா விடுவதா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கையில், குரலே மறைந்துகொண்டிருக்கிறது. அதுவே நம் கவலை.

நிறையும் குறையும்

ஒலித்தட்டைக் கேட்டபின் எம் மதிப்பீட்டை மறைக்காது கூறுகிறோம். இவற்றில் பெரும் சங்கீத நுட்பத்தை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். மெட்டுகள் சில சுரங்களுக்குள்ளேயே சுழல்வன. பாடுவோரும் மேடைப் பாடகியர் அல்லர். பெரும்பாலோர் முதுமை எய்திய பெண்டிர். ஒருவர் குரல் முந்த, மற்றொருவர் குரல் பிந்தும். அந்தத் தளர்ச்சியே இப்பாடல்களின் உண்மை. 1984இல் யமன் வழிவந்த ஒஃப்ரா ஹாசா என்னும் பாடகி தம் முன்னோரின் பாடல்களைப் புதுத் தாளங்களோடு பாடி உலகப் புகழ் பெற்றார். அவர் குரல் தேன், அதில் ஐயமில்லை. ஆயின் அங்கே நாம் கேட்பது ஒரு பாடகியை. இங்கே நாம் கேட்பது ஒரு வீட்டை.

குறைகளும் உள. இப்பாடல்கள் பிறந்த முற்றங்களைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளிப் பதிவானவை பல. 1948இல் ஏறத்தாழ 2,500 பேராக இருந்த கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1950களின் முற்பாதியில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே நெவாத்திம், மெசிலாத் சியோன் போன்ற உழவர் குடியிருப்புகளில் குடியேறிய பின், பிள்ளைகளின் மொழி எபிரேயமாயிற்று. மலையாளப் பாட்டு பெட்டியில் உறங்கிற்று. பின்னர் அது வெளிவந்தபோது விழா மேடையின் காட்சிப் பொருளாகவும் மாறிற்று. மணப்பெண்ணைச் சூழ்ந்து நின்று பாடிய பாட்டு, இருக்கைகளில் அமர்ந்திருப்போரை நோக்கிப் பாடும் பாட்டாகும்போது எதையோ இழக்கிறது. ஏடுகளிலும், பொருள் மறந்து ஒலியை மட்டும் பின்பற்றிப் படியெடுத்ததால் சிதைந்த சொற்கள் உண்டு. ஏடு சொல்லைக் காக்கும், மெட்டைக் காப்பதில்லை. பாடத் தெரிந்தவர் மறைந்தபின் ஏட்டில் எஞ்சும் பாட்டு, மணம் போன மலர்.

ஆயினும் நிறையே பெரிது. அந்நிறைக்குக் காரணமானவர்களை நன்றியோடு நினைக்கவேண்டும். 1970களிலிருந்து பி. எம். ஜுசே, ஷேர்லி ஐசன்பர்க், பார்பரா ஜான்சன் ஆகியோர் ஏடு ஏடாகத் தேடி, பாடுவோர் வாயருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துத் திரட்டினர். ஜுசேயும், 2022இல் மறைந்த ஸ்கறியா சக்கறியாவும் கேரளக் கிறித்தவர்கள். பிறர் சமயத்தாரின் பெண்டிர் பாட்டைத் தம் நாட்டின் செல்வமாகக் கருதி உழைத்த அவர்தம் மனம் பெரிது. கொச்சியில் 1912இல் பிறந்து, இரண்டாம் உலகப்போரில் இந்தியக் கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றி, 1951இல் இஸ்ரேல் சென்ற ரூபி தானியேல் என்னும் அம்மையார், தம் முதுமையில் இப்பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1995இல் வெளிவந்த அவருடைய நினைவுநூல் இப்பாடல்களுக்குச் சிறந்த உரையாக அமைகிறது. மறைவதற்குள் எழுதிவிட வேண்டும் என்னும் பதற்றம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது.

அருணகிரிநாதர், காசிம் புலவர் பற்றித் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. தூய மெட்டு, கலப்பற்ற மெட்டு என்பது எந்தச் சமூகத்துக்கும் இல்லை. மெட்டு மண்ணிலிருந்து வருகிறது. அண்டை வீட்டிலிருந்து வருகிறது. அதில் எதைப் பாடுகிறோம் என்பதில்தான் ஒரு சமூகத்தின் உயிர் நிற்கிறது. கொச்சிப் பெண்டிர் மலையாள மெட்டில் பாடியதால் யூதரல்லாதவர் ஆகிவிடவில்லை; காசிம் புலவர் அருணகிரியின் சந்தத்தில் பாடியதால் அவர் ஈமான் குறைந்துவிடவும் இல்லை. இரவல் அன்று, அது அண்டை வாழ்வின் உரிமை.

நம் ஏடுகள் எங்கே?

இனி நம்மைப் பற்றி. நம் பாட்டிமாரிடமும் ஏடுகள் இருந்தன. அரபுத்தமிழில் எழுதிய முனாஜாத்துகள், மாலைகள், மணவீட்டுப் பாட்டுகள், தாலாட்டுகள், நூறு மசலா போன்ற கதைப் பாடல்கள் அவற்றில் இருந்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்கள் அரபுத்தமிழில் எழுதியவை பெண்களின் நாவிலேயே வாழ்ந்தன. இன்று அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒரு வீட்டில் ஒருவர் கிடைத்தால் அது பெரும்பேறு.

எம் பாட்டியாரிடமும் அப்படி ஓர் ஏடு இருந்தது. துணியில் சுற்றித் திருமறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அவர் மறைந்தபின் அதைப் படிக்க எம்மில் எவருக்கும் தெரியவில்லை. பூச்சி அரித்துத் தாள் உதிர்ந்தபோது, அரபு எழுத்தாயிற்றே, காலில் மிதிபடலாகாதே என்று அஞ்சி, யாமே அதைத் துணியோடு கொண்டுபோய் நீரோடும் இடத்தில் விட்டுவந்தோம். மரியாதையாகத்தான் செய்தோம். நம் பெரியோர் கற்பித்த முறையும் அதுவே.

யூதர்க்கும் இதே மரியாதை உண்டு. எபிரேய எழுத்துள்ள தாளை அவர்கள் எறிவதில்லை. தொழுகைச் சாலையின் ஓர் அறையில் இட்டு வைப்பர். பழைய கெய்ரோவின் பென் எசுரா ஆலயத்தில் அவ்வாறு இட்டுவைத்த தாள்கள் நூற்றாண்டுகளாகக் கிடந்தன. 1896க்குப் பின் அவை கேம்பிரிட்சுக்குச் சென்று ஆராயப்பட்டபோது, மங்களூரிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் வணிகம் செய்த யூதர் ஒருவரின் கடிதங்கள் உட்பட, இந்தியக் கடல் வாணிகத்தின் வரலாறே வெளிவந்தது. அவர்கள் மரியாதையால் இட்டுவைத்தனர். நாம் மரியாதையால் நீரில் விட்டோம். மரியாதை ஒன்றே, விளைவுதான் வேறு.

ஆதலின் வாசகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அத்தகைய ஏடு ஒன்று எஞ்சியிருப்பின் அதை நீரில் விடும்முன் நிழற்படம் எடுத்து வையுங்கள். அதைவிட முதன்மையாக, பாடத் தெரிந்த மூதாட்டி ஒருவர் வீட்டில் இருப்பின், அவர் அருகே அமர்ந்து பாடச் சொல்லுங்கள். ஒலிப்பதிவுக் கருவி இன்று எல்லார் கையிலும் கைப்பேசியாக இருக்கிறது. இன்ன ஊர், இன்ன ஆண்டு, இன்ன நிகழ்ச்சிக்குப் பாடியது என்று ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள். குரல் நடுங்கினாலும், அடி மறந்தாலும், இடையில் நிறுத்திச் சிரித்தாலும் அதையும் பதிவு செய்யுங்கள். கொச்சிப் பெண்டிரின் ஒலித்தட்டில் எம் நெஞ்சைத் தொட்டவை அத்தகைய இடங்களே.

எம் பாட்டியாரின் ஏட்டிலிருந்து இன்று எஞ்சியிருப்பது சொல்லில்லாத ஒரு மெட்டு மட்டுமே. தொட்டிலை ஆட்டியபடி அவர் பாடியது. சென்ற பௌர்ணமி இரவில், மலைவழியே நடந்துசென்ற பெண்கள் கூட்டமொன்று பாடிய பாட்டு சாளரத்தின் வழியே வந்தது. அதே மெட்டு. அவர்களிடமிருந்து பாட்டியார் பெற்றாரோ, இருவரும் இம்மண்ணிடமிருந்து பெற்றனரோ, இறைவனே அறிவான். எழுந்து சென்று சாளரத்தருகே நின்று, அவர்கள் தொலைவில் மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.